சிபில் அத்தை இறக்கவில்லை: 1143ஆம் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

மேற்கு வாசல் வீடு,
ஹெர்ஸ்டோக், ஷ்ராப்ஷயர்.
14 அக்டோபர் 1951

பிரபுக்குல விவரத் தொகுப்பின் ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். ஆண்டு முழுவதும் பிறருடைய பிறப்பையும் இறப்பையும் சரிபார்த்துக்கொண்டிருக்கும் உங்களிடம் "நலமா?" என்று கேட்கிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அதனால் முதலில் அதைக் கேட்டுவிடுகிறேன். நீங்களும் உங்கள் அச்சகத்தாரும் நலமாக இருங்கள். நீங்கள் அனுப்பிய அச்சுப்படியும் திருத்தப் படிவமும் வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் வந்தன. படிவத்தில் "திருத்தம் இருப்பின்" என்று போட்டு, கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுத் திருத்தம் அந்த இரண்டு வரியில் அடங்கவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. வாரத்தில் நான்கு நாள் நூலகத்தில் வேலை, அங்கே பேசாமலிருப்பதே பாதி வேலை. எழுத உட்கார்ந்தால் மட்டும் எனக்கு நிறுத்தத் தெரியாது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்லாமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அக்டோபர் மூன்றாம் தேதி மதியச் சாப்பாட்டின்போது மில்பரோ அத்தை என்னைப் பார்த்து, "மேல போயிருந்தியே, அவ பேனா கீனா ஏதாச்சும் கேட்டாளா?" என்றார். மாடியில் நோயாகப் படுத்திருக்கும் சிபில் அத்தை கேட்டார், கையெழுத்தும் போட்டுவிட்டார், அந்தத் தாள் இதோ கதவுக்குப் பின்னால் தொங்கும் என் மழைக்கோட்டின் உள்பையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. "முட்டைக்கோஸ் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் "வை" என்றார். வைத்தேன். அறுபத்தைந்து வருஷமாக அவர் காத்திருந்த பதிலுக்குப் பதிலாக நான் கொடுத்தது ஒரு கரண்டி முட்டைக்கோஸ்.

அது என்ன தாள் என்று சொல்ல வேண்டுமானால் ஹெர்ஸ்டோக் பட்டத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரியாத கதையல்ல, 1143ஆம் பக்கத்தில் வருஷா வருஷம் நீங்களே அச்சிடுவதுதான். ஆனாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். 1308இல் மன்னர், சர் ஃபல்க் என்பவரை நாடாளுமன்றத்துக்கு வரச்சொல்லி ஓர் அழைப்பாணை அனுப்பினார். ஃபல்க் போனார், உட்கார்ந்தார், ஸ்காட்லாந்துச் சண்டைக்குக் குதிரைகள் தருவதாக ஒப்புக்கொண்டார், திரும்பி வந்துவிட்டார். அந்த ஒரு தடவை உட்கார்ந்ததிலேயே அறுநூற்றுச் சொச்சம் வருஷத்துக்குக் குடும்பத்தில் பிரபுப் பட்டம் ஒட்டிக்கொண்டது. மகன் இருந்தால் சிக்கலில்லை. மூத்தவனுக்கே எல்லாம், நாலு நிமிஷம் பிந்திப் பிறந்த இரட்டையனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் மகள்கள் மட்டுமே இருந்துவிட்டால், அதுவரை மூத்தவன் மூத்தவன் என்று உயிரைவிட்டுக்கொண்டிருந்த சட்டத்துக்குத் திடீரென்று நியாய உணர்வு வந்துவிடுகிறது. மகள்கள் எல்லோரும் சமம் என்கிறது. பட்டத்தைக் கேக் மாதிரி வெட்டிக் கொடுக்க முடியாது, ஆகவே யாருக்கும் கிடையாது. அது படுத்து உறங்கும். ஒருத்தி பிள்ளையில்லாமல் இறந்து மற்றவள் மட்டும் மிஞ்சினால் தானே எழுந்து அவளிடம் போகும். இல்லையென்றால், "எனக்கு ஆட்சேபம் இல்லை, அவளுக்கே கொடுங்கள்" என்று ஒருத்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அரண்மனையும் மனமிரங்கி அதைத் தட்டி எழுப்ப வேண்டும்.

பதினாறாவது பிரபு 1938 மார்ச்சில் இறந்தபோது இரண்டு மகள்கள் இருந்தார்கள். மூத்தவர் மில்பரோ, இப்போது எழுபத்துநான்கு. இளையவர் சிபில், எழுபத்தொன்று. இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. என் அப்பாவுக்கு அவர்கள் பெரியம்மா மகள்கள், எனக்கு அத்தைகள். அது அவர்களுடைய தாய்வழி உறவு, ஆகவே சர் ஃபல்க்கின் இரத்தம் ஒரு சொட்டும் என்னிடம் இல்லை, எனக்கு இதில் வருவதும் போவதும் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அவர்களுக்கே பெரிதாக என்ன வந்துவிடப் போகிறது? மாளிகை போரின்போது படைக்குப் போய், இப்போது பெண்கள் பள்ளிக்கூடமாக இருக்கிறது. நாங்கள் மூவரும் அதன் வாசல்காவலர் வீட்டில் இருக்கிறோம். பிரபுக்கள் சபையில் பெண்ணுக்கு நாற்காலி கிடையாது. ஆகக் கிடைக்கப்போவது ஒரு பெயர். ஆனால் மில்பரோ அத்தைக்கு ஒன்பது வயதிருக்கும்போது, குதிரையைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிய அவரைப் பார்த்து அவருடைய அப்பா, "அடடா, நீ மட்டும் பையனா பொறந்திருந்தா!" என்றாராம். அவர் பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார். அந்த ஒரு வரியை அத்தை இன்றுவரை யாரிடமும் கோபமாகச் சொன்னதில்லை. அப்பா இறந்ததும் பண்ணையைப் பார்த்துக்கொண்டதும், போர்க்காலத்தில் படைக்காரர்களோடு சண்டைபிடித்து ஓக் மரங்களைக் காப்பாற்றியதும், ஒவ்வொரு மார்ச் இருபத்தைந்தாம் தேதியும் வக்கீலிடம் ஒரு ஒப்புதல் தாள் அடித்து வாங்கிவந்து தங்கையின் காலைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதும்தான் அவர் சொன்ன பதில்.

முதல் வருஷத் தாளின்மேல் சிபில் அத்தை வேகவைத்த முட்டையை வைத்து உடைத்தார். அடுத்த வருஷத் தாள் ஜாம் ஜாடிக்கு மூடியாயிற்று. ஒரு வருஷம் ஜன்னல் இடுக்கில் குளிர்காற்றுக்கு அடைத்தார். நான் இந்த வீட்டுக்கு வந்தபின் ஐந்து மார்ச் மாதங்களைப் பார்த்துவிட்டேன். பேச்சு மாறுவதே இல்லை.

"வெறும் கையெழுத்துதானே சிபில், போட்டா என்ன கொறைஞ்சு போயிடுவே?"

"வெறும் கையெழுத்துன்னா நீ போடேன், எனக்கு."

"நான் மூத்தவ."

"சட்டத்துல மூத்தவ கெடையாது. வக்கீல் படிச்சுக் காட்டினாரே, தூங்கிட்டிருந்தியா?"

"உனக்கு மூணு வருஷம் முன்னாடி பொறந்தவ நான்."

"அதுல உன் சாமர்த்தியம் என்ன இருக்கு மில்லி? அது அம்மா பாடு."

அதன்பின் மர்மலேட் ஜாடி மட்டும் மேஜையில் அங்குமிங்கும் கொஞ்சம் பலமாக நகரும்.

இந்தச் செப்டம்பரில் டாம்சன் பழம் பறிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மில்பரோ அத்தை சமையலறை வாசலில் நின்று, "உள்ள வா, நனையாதே!" என்று கூப்பிட்டார். அவர் கூப்பிடாமல் இருந்திருந்தால் சிபில் அத்தை தானாகவே வந்திருப்பார் என்பது என் எண்ணம். கூப்பிட்டுவிட்டதால் இரண்டு கூடை நிறையும்வரை மரத்தடியிலேயே நின்றார். நாலாம் நாள் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் நூற்றிமூன்று. மருத்துவர் ஊசி போட்டார், இந்த வாரம் தாண்டினால் சொல்லலாம் என்றார். அன்றிலிருந்து மில்பரோ அத்தை தங்கையின் அறையை விட்டு நகரவில்லை. எங்கள் மூவருக்குமான வாரத்து ரேஷன் இறைச்சிப் பங்கை மொத்தமாகப் போட்டு சூப்பு வைத்தார். எனக்கும் அவருக்கும் உருளைக்கிழங்கு. அந்த சூப்பை அவர் ஊட்டிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"வாயைத் தொற."

"என்னை நிம்மதியா சாகவிடு மில்லி. நான் போயிட்டா உனக்குக் கையெழுத்தே தேவையில்லையே. பட்டம் தானா வந்துடும்."

"அதான் விடமாட்டேங்கறேன். தங்கச்சி செத்துத்தான் கெடைச்சுதுன்னு ஊர் பேசறதுக்கா? எனக்கு அது உன் கையெழுத்தோட வரணும். கையெழுத்துப் போட்டுட்டு எப்படி வேணா சாவு. அதுக்கு முன்னாடி செத்தே, அப்பறம் நடக்கறதே வேற."

"செத்தப்பறம் என்ன நடந்தா எனக்கென்ன?"

"வாயைத் தொறன்னேன்."

சிபில் அத்தை வாயைத் திறப்பார், குடிப்பார், "உப்பு பத்தலை" என்பார். நானும் எத்தனையோ புத்தகங்களில் நோயாளிப் படுக்கையருகே நடக்கும் உரையாடல்களைப் படித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் படித்ததில்லை.

உங்கள் அச்சுப்படியில் பிழை எங்கிருந்து வந்தது என்பதற்கு இப்போது வருகிறேன். பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை. புதன்கிழமைதோறும் மாலையில் எங்கள் தேவாலயத்தில் மணியடிப்போர் பழகுவார்கள். கோபுரம் எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து கல்லெறி தூரம். முதல் மணி விழுந்ததும் சிபில் அத்தை தூக்கத்திலிருந்து துடித்து எழுந்தார். மில்பரோ அத்தை மேலங்கியைக்கூட மாட்டாமல் கோபுரத்துக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். மணியடிப்போர் தலைவர் பிரைஸ் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.

"நிறுத்து பிரைஸ். எந்தங்கச்சி தூங்கணும்."

"நிறுத்த முடியாதுங்க மிஸ் மில்பரோ. ஞாயித்துக்கெழமை அறுவடை விழா. புது அடி ஒண்ணு பழகறோம், பாதியில விட்டா பயலுக மறந்துருவானுக."

"சத்தம் கேக்காம அடி, அப்ப."

"சத்தம் கேக்காம எப்படிங்க மணியடிக்கறது?"

"மணி நாக்குல தோலைக் கட்டு. பெட்டியில இருக்குமே."

பிரைஸ் தலையைச் சொறிந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மில்பரோ அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். பெட்டியில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தோல்பட்டைதான் இருந்தது. நாக்கின் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டினால் மணி ஒரு தடவை கணீரென்றும், மறு தடவை கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவும் ஒலிக்கும். எட்டு மணியும் அப்படி ஒலித்தன. மெல்லிய ஓசைதான், சிபில் அத்தை நன்றாகத் தூங்கிவிட்டார். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் அந்த அடி ஒரே ஒரு காரியத்துக்குத்தான் அடிக்கப்படும் என்பது மூன்று பேருக்குமே தெரியும்: பிரைஸுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், அத்தையின் அப்பா இறந்தபோது அடக்கத்துக்கு வந்து அதைக் கேட்ட எனக்கும் தெரியும். ஆனால் சொல்லத் துணிவில்லாமல் பிரைஸும், தூக்கம் ஒன்றே குறியாக இருந்ததால் அத்தையும், வழக்கம்போல் நானும் வாயைத் திறக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்களாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே தபால் நிலையத்து திருமதி பெப் கறுப்பு உடையில் வந்து நின்றார். கையில் துணி மூடிய கேக். மில்பரோ அத்தையைக் கண்டதும் முழங்காலை மடக்கி வணங்கினார்.

"எத்தனை நாளா இழுத்துக்கிட்டுக் கெடந்தாங்க, பாவம். இப்ப அவங்களுக்கு நிம்மதி, சீமாட்டியம்மா."

"என்னை என்னன்னு கூப்பிட்டே?"

"சீமாட்டியம்மான்னு. இனிமே அதுதானேங்க மொறை?"

"சிபில் சாகலை, பெப்."

"அப்படித்தாங்க இருக்கும். எங்க வீட்டுக்காரர் போனப்பவும் ஒரு வாரம் நான் அவருக்குத் தட்டு வெச்சுக்கிட்டிருந்தேன்."

"மேல இருக்கா. போய்ப் பாரு."

"வேணாங்க. நல்லா இருந்தப்ப பார்த்த மொகமே மனசுல இருக்கட்டும்."

அந்நேரம் பார்த்து மேலே தடியால் தரையை இடித்து, "யாருடீ கீழ? கேக் வாசனை வருது!" என்று குரல் கேட்டது. திருமதி பெப் கேக்கை என் கையில் திணித்துவிட்டு வாசல் கதவைக்கூடச் சாத்தாமல் போனார். அதற்குள் மற்றவர்கள் புறப்பட்டுவிட்டிருந்தார்கள். அன்று மாலைக்குள் பதினொரு கேக் வந்து சேர்ந்தன. ஊரார் மாதக்கணக்கில் சேர்த்துவைத்த சர்க்கரைப் பங்கெல்லாம் எங்கள் சமையலறை மேஜையில் இருந்தது. மில்பரோ அத்தை கூடையில் அடுக்கிக்கொண்டு வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கப் போனார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களே தவிர ஒருவரும் கேக்கைத் திருப்பி வாங்கவில்லை. இரண்டு பேர் மேலும் கொடுத்தனுப்பினார்கள். "செத்தாத்தான் இந்த ஊர்ல ஒருத்திக்கு மரியாதை" என்று சிபில் அத்தை ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். அந்த வாரத்தில் அவர் கேட்டுத் தின்றது அதுதான். சனிக்கிழமை வந்த உள்ளூர் வார இதழில், அவர் அமைதியாக உயிர் நீத்தார் என்று கறுப்புக் கட்டத்துக்குள் செய்தி. மில்பரோ அத்தை அவர்களுக்கு எழுதியதைப் பார்த்தால் யாரும் அமைதியாக இருந்திருக்க முடியாது. மறு வாரம் மறுப்பு வெளியாயிற்று. ஆனால் கடைசிப் பக்கத்தில், செம்மறிக்கடா விற்பனைக்குக் கீழே. இதழ்களிலிருந்து உங்களுக்குச் செய்தி நறுக்கித் தருவோர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. குறை சொல்லவில்லை, கடா வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் அந்தப் பக்கத்துக்கு வரமாட்டார்கள்.

அக்டோபர் முதல் தேதி காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை மருத்துவர் என்னை மட்டும் வாசல்வரை அழைத்துப்போய்ப் பேசினார். மூன்றாம் தேதி காலையில் மில்பரோ அத்தை கோழிகளுக்குத் தீனி வைக்கப் போயிருந்தார். மாவட்ட நர்ஸ் ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தார். சிபில் அத்தை என்னை விரலால் அழைத்தார்.

"ஹெஸ்டர், துணி அலமாரில மூணாவது தட்டு. கம்பளிக் காலுறைக்கு அடியில பாரு."

பார்த்தேன். இந்த வருஷத்து ஒப்புதல் தாள். அதில் முட்டைக் கறைகூட இல்லை.

"பேனா குடு. தாளுக்கு அடியில தட்டை வை, கை ஆடுது."

போட்டார். நானும் நர்ஸும் சாட்சிக் கையெழுத்திட்டோம். நர்ஸ் என்ன தாள் என்று பார்க்கவில்லை. அவருக்கு இன்னும் இரண்டு வீடு போக வேண்டியிருந்தது. அவர் இறங்கிப் போனதும் சிபில் அத்தை, "அவகிட்ட சொல்லாதே" என்றார்.

"ஏன் அத்தை? இதுக்குத்தானே இத்தனை வருஷம்—"

"எம்மேல இருக்கற கோவத்துலதான் அவ நின்னுட்டிருக்கா. இதைப் பார்த்தா கோவம் போயிடும். போனா அழுவா. மில்லி அழுது நான் பார்த்ததில்லை, இப்பப் பார்க்கவும் வேண்டாம்."

"அப்ப எதுக்கு இன்னிக்குப் போட்டீங்க?"

"செத்தப்பறம் எழுந்து வந்தா போட முடியும்? நான் போயிட்டா பட்டம் அவகிட்ட தானா வந்துடும், ஆனா தொடமாட்டா. எஞ்சாவுல வந்ததுன்னு ஒதுக்கி வெச்சுடுவா, அவ்வளவு திமிரு. அப்ப நீ இதைக் காட்டு. தேதியைக் காட்டு. உயிரோட இருக்கும்போதே குடுத்துட்டாள்னு சொல்லு. நான் போனப்பறம்தான், என்ன?"

"சரி" என்றேன். அன்று மதியம்தான் மில்பரோ அத்தை பேனா பற்றிக் கேட்டதும் நான் முட்டைக்கோஸ் பரிமாறியதும்.

பிறகு நடந்தது ஊரில் யாரும் எதிர்பார்க்காதது. சிபில் அத்தை பிழைக்கத் தொடங்கினார். எட்டாம் தேதி காய்ச்சல் இறங்கியது; பத்தாம் தேதி தலையணையின் உயரத்தைப் பற்றி இருவரும் ஒரு மணி நேரம் சண்டையிட்டார்கள். பன்னிரண்டாம் தேதி உங்கள் உறை வந்தது. அதன்மேல் "ஹெர்ஸ்டோக் சீமாட்டி அவர்கள்" என்று எழுதியிருந்தது. மில்பரோ அத்தை அதை வெண்ணெய்க் கத்தியால் கவனமாகப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மில்பரோ, பதினேழாவது" என்று தொடங்கும் வரியின் கீழ் அவருடைய விரல் வந்து நின்றதை நான் பார்த்தேன். வெகுநேரம் நின்றது. தேநீர் ஆறியது. பிறகு விரல் ஒரு வரி கீழே இறங்கியது. நாற்காலி பின்னால் விழ எழுந்து மாடிப்படியடிக்குப் போய்க் கத்தினார்.

"சிபில்! ஏ சிபில்! நீ செத்துட்டியாம்!"

"எப்ப?"

"செப்டம்பர் பத்தொம்பதாந் தேதி!"

"அப்பறம் யாரு வாயில நேத்து மீன் எண்ணெய் ஊத்தினே?"

"கிண்டல் பண்ணாதே. அச்சுல வந்திருக்கு."

மேலே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "அப்ப நீ சீமாட்டின்னும் வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"எப்படி இருக்கு பார்க்க?"

மில்பரோ அத்தை கையிலிருந்த தாளைப் பார்த்தார். "எழுத்து பொடியா இருக்கு" என்றார். திரும்பி வந்து நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து, "எழுது ஹெஸ்டர். அவ சாகலைன்னு எழுது. எம்பேர்ல ஒட்டியிருக்கறதை எடுத்துடச் சொல்லு" என்றார்.

"இன்னிக்கேவா அத்தை? கடைசித் தேதி நவம்பர் பதினஞ்சு."

"பொய்யை எதுக்கு ஒரு மாசம் வெச்சிருக்கணும்?"

ஆகவே, ஐயா, முதல் திருத்தம் இது: சிபில் அத்தை இறக்கவில்லை. செப்டம்பர் பத்தொன்பதாம் தேதியை எடுத்துவிடவும். மில்பரோ அத்தையின் பெயரில் சேர்த்திருக்கும் பட்டத்தையும் எடுத்துவிடவும்.

இரண்டாவது திருத்தம் என் சொந்தப் பொறுப்பில் எழுதுவது. இந்த இரண்டு நாளாக நான் யோசித்துப் பார்த்தேன். சிபில் அத்தை என்னிடம் வாங்கிய வாக்கு, அவர் போனபிறகு காட்ட வேண்டும் என்பது. அவர் போகப்போவதாகத் தெரியவில்லை. நேற்று பன்றித் தொடை வறுவல் கேட்டார். தாளைத் திருப்பிக் கொடு என்றும் அவர் சொல்லவில்லை. வாக்கை மீறியவர்களின் கதை நன்றாக முடிந்ததாக நான் படித்த புத்தகங்களில் இல்லை. வாக்கைக் காப்பாற்றியவர்களின் கதையும் அவற்றில் அப்படியொன்றும் நன்றாக முடியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த விரல் அந்த வரியின் கீழ் நின்ற நேரம்தான். எழுபத்துநான்கு வயதில் இன்னும் எத்தனை மார்ச் மாதம் இருக்கும்? ஆகவே அடுத்த சனிக்கிழமை, நூலக விடுமுறை நாளில், தாளை மில்பரோ அத்தையிடம் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். அவர் விண்ணப்பிப்பார், அரண்மனையும் மறுக்கக் காரணமில்லை என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எனவே உங்கள் அச்சுக்கோப்பவரிடம் சொல்லி, "மில்பரோ, பதினேழாவது" என்ற அந்த வரியின் எழுத்துகளைக் கலைத்துவிடாமல் ஓரமாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இப்போது பொய்யாக இருக்கும் அந்த வரி, ஒருவர் சாவும் இல்லாமல், அடுத்த பதிப்புக்குள் உண்மையாகிவிடும். முடிந்தால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

உங்கள் புதிய பதிப்பு பிழையின்றி வெளிவரட்டும். அது அச்சேறிய நாளிலிருந்து விற்றுத் தீரும் நாள்வரை இந்நாட்டின் எந்தப் பிரபுவும் இறக்காமலும், எந்தப் பிரபுவுக்கும் எதிர்பாராத இரட்டைப் பிள்ளைகள் பிறக்காமலும் இருக்கக் கடவுள் அருள்புரியட்டும். உங்கள் செய்தி நறுக்குவோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஹெஸ்டர் மேடாக்ஸ்

பின்குறிப்பு. 11 நவம்பர். இரண்டாவது திருத்தம் உறுதியானபின் அனுப்பலாம் என்று மேற்படிக் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன். அந்தத் திருத்தத்தை அடித்துவிடவும். எழுத்துகளைக் கலைத்துவிடலாம்.

சொன்னபடி இருபதாம் தேதி சனிக்கிழமை தாளைக் கொண்டுபோய் மில்பரோ அத்தையிடம் கொடுத்தேன். அவர் கோழித் தீனி வேகும் கொப்பரைக்கு முன்னால் நின்றிருந்தார். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வாங்கினார். இரண்டு தடவை படித்தார்.

"என்னிக்குப் போட்டா?"

"மூணாந் தேதி."

"அன்னிக்கு ஜுரம் எவ்வளவு?"

"நூத்திமூணு."

"நூத்திமூணு ஜுரத்துல போட்ட கையெழுத்து செல்லாது."

"செல்லும் அத்தை. ரெண்டு சாட்சி இருக்கு. வக்கீல்கிட்ட கேட்டேன், அவரும்—"

"அவளுக்கு சாகப்போறோம்னு பயம் வந்து போட்டிருக்கா. அதை வாங்கிக்கறதுக்கா நான் ராப்பகலா சூப்பு ஊத்தினேன்?" என்றார். "எழுத்தைப் பாரு. எப்படி ஆடியிருக்கு பாரு. இதுவா அவ கையெழுத்து?"

தாளை நாலாக மடித்து, கொப்பரைக்கு அடியில் நெருப்பில் வைத்தார். அது எரிந்து முடியும்வரை துடுப்பால் தீனியைக் கிண்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அவகிட்ட சொல்லாதே" என்றார். அதற்கும் "சரி" என்றேன்.

நவம்பர் எட்டாம் தேதி மருத்துவர் வந்து, சிபில் அத்தையின் நுரையீரல் சுத்தமாகிவிட்டது, இனிக் கீழே இறங்கிச் சாப்பிடலாம் என்றார். நேற்றுக் காலை அவர் முதன்முறையாகக் கீழே வந்து மேஜையில் உட்கார்ந்தார். மார்ச் இன்னும் வரவில்லை. ஆனாலும் மில்பரோ அத்தை வக்கீலிடம் அடித்து வாங்கிவந்த புதுத் தாள் ஒன்றை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சிபில் அத்தை தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மர்மலேடைப் பார்த்தேன்.

சிபில் அத்தை கையெழுத்திட மறுத்துவிட்டார்.